காந்தம் எவ்வளவு? மெத்தை வாங்குமுன் கேளுங்கள்!

மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்தும் சக்தி காந்தத்துக்கு உண்டா?

உண்டு! விஞ்ஞானிகள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால், காந்தம் வைத்துத் தைத்த மெத்தையில் படுத்தால் உடம்பில் உள்ள மூலக்கூறுகளும் வரிசையாகி நோய் தீருமா?

தீராது!

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாத வீடுகளில்தான் காந்த மெத்தை விலை போகிறது. கணக்குப் போட்டவர்களில் முதன்மையான ஒருவர் தமிழர். வத்திராயிருப்பில் பிறந்தவர்!

பஞ்சு ஊரில் காந்த மெத்தை

போடிநாயக்கனூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏலக்காய். ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது இலவம் பஞ்சு.

மலைச்சரிவெங்கும் இலவ மரங்கள் நிற்கின்றன. கோடையில் காய்கள் வெடிக்கும். பஞ்சை எடுத்து, விதையை நீக்கி, மெத்தையும் தலையணையும் தைக்கிறார்கள். அந்த மெத்தைகள் பல ஊர்களுக்குப் போகின்றன. போடியை அடுத்த சிலமலை போன்ற கிராமங்களில் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. நாள் முழுவதும் குனிந்து ஏலக்காய் பறித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா? மூட்டு வலிக்காமல் இருக்குமா?

வலி உள்ள இடத்தைத் தேடித்தான் காந்த மெத்தை வருகிறது. காந்தப் பட்டை, காந்தக் காப்பு, காந்தத் தண்ணீர் என்று அதன் உறவினர்களும் கூடவே வருகிறார்கள். விலை பல ஆயிரம் ரூபாய். தவணையிலும் தருவார்கள். "நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்குக் கமிஷன்" என்றும் சொல்வார்கள்.

காந்தம் என்ற சொல்லும் இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. பொட்டிபுரம் மலைக்கு அடியில் 50 ஆயிரம் டன் இரும்பைக் காந்தமாக்கி நியூட்ரினோ துகள்களை ஆராயும் திட்டத்துக்கு 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு எழுந்தது. வழக்கு நடந்தது. அந்தத் திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று 2022-ல் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. அந்தத் திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி வாதம். ஆனால் அதன் மூலம் 'காந்தம்' என்ற சொல் வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. சொல் வந்த அளவுக்கு விளக்கம் வரவில்லை.

விற்பவர் என்ன சொல்கிறார்? "ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. காந்தம் இரும்பை இழுக்கும். உடம்பில் உள்ள மூலக்கூறுகளை ஒழுங்காக நிறுத்தும். விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டது!" என்கிறார்.

முழுப் பொய்யாக இருந்தால் படிக்காத பாட்டிகூடக் கண்டுபிடித்துவிடுவார். இதில் கால் பங்கு உண்மை கலந்திருக்கிறது. ஆபத்தே அதில்தான்!

பாலிமர் என்பது என்ன?

முதலில் மூலக்கூறு. எந்தப் பொருளையும் பிரித்துக்கொண்டே போனால், அந்தப் பொருளின் குணம் மாறாமல் மிஞ்சும் மிகச் சிறிய துணுக்குதான் மூலக்கூறு. அது கண்ணுக்குத் தெரியாது.

சில மூலக்கூறுகள் கைகோர்த்து நீண்ட சங்கிலியாக நிற்கும். அந்தச் சங்கிலிக்குப் பெயர் பாலிமர். பிளாஸ்டிக் குடம், நைலான் கயிறு, பாலியஸ்டர் புடவை எல்லாம் பாலிமர்தான். மனிதன் செய்தது மட்டும் அல்ல. பருத்தியிலும் இலவம் பஞ்சிலும் உள்ள செல்லுலோஸும் பாலிமரே. சர்க்கரை வகையைச் சேர்ந்த சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்து நிற்பதுதான் செல்லுலோஸ்.

சங்கிலிகள் தாறுமாறாகக் கிடந்தால் பொருள் ஒரு மாதிரி இருக்கும். ஒரே திசையில் அடுக்கி நின்றால் வேறு மாதிரி இருக்கும். சிக்குப் பிடித்த தலைமுடியையும் வாரிப் பின்னிய சடையையும் நினைத்துப் பாருங்கள். முடி அதே முடிதான். சடைக்குத்தான் உறுதி.

நைலான் நூல் செய்யும்போது உருகிய நைலானைச் சிறு துளைகளின் வழியே பிழிகிறார்கள். பிறகு அதைப் பல மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். இழுக்கும்போது உள்ளே இருக்கும் சங்கிலிகள் இழுத்த திசையில் நீட்டி நிற்கின்றன. நூல் வலுவாகிறது. மூலக்கூறுகளுக்குத் தலை வாரும் வழக்கமான முறை இதுதான்.

ஆனால் எல்லாப் பொருளையும் இழுக்க முடியாது. கொழகொழப்பான கூழை இழுத்தால் அறுந்துபோகும். தடித்த கட்டியை இழுக்க இயலாது. கை படாமல் உள்ளே இருப்பதைத் திருப்ப வேண்டும். அதற்குத்தான் காந்தம்!

இரும்பு இல்லாததையும் காந்தம் தொடும்

'காந்தம் இரும்பை இழுக்கும்' என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அது சரி. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1845-ல் ஒரு புதுமை கண்டார். கண்ணாடித் துண்டு ஒன்றை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். கண்ணாடியைக் காந்தம் இழுக்கவில்லை. மிக மெதுவாகத் தள்ளியது! தண்ணீர், மரம், சதை என்று ஏராளமான பொருள்கள் இப்படியே நடந்துகொள்வதையும் அவர் கண்டார்.

1997-ல் ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நாட்டில் ஆந்த்ரே கைம் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் இந்தத் தள்ளும் சக்தியால் ஓர் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். அதற்குத் தேவைப்பட்ட காந்தம் சுமார் 16 டெஸ்லா. காந்தத்தின் வலுவை அளக்கும் அலகுதான் டெஸ்லா. பூமியின் காந்தம் நம் பக்கத்தில் ஒரு டெஸ்லாவில் சுமார் 25 ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் இயந்திரம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. தவளையை மிதக்கவிட்ட காந்தம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

வத்திராயிருப்பு மேதை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் வருசநாடு. இந்தப் பக்கம் வத்திராயிருப்பு. அங்கே 1898-ல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். கல்கத்தா சென்று சர் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் 'ராமன் விளைவு' கண்டுபிடிக்கப்பட்டபோது உடன் உழைத்தவர் அவர்தான்.

அதன் பிறகு அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே குகா, பானர்ஜி என்பவர்களுடன் சேர்ந்து காந்தத்தையும் படிகத்தையும் வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார். 1933-ல் அதை வெளியிட்டார்.

சோதனை எளிமையானது. தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நிற்கும். இழையின் மேல்நுனியை மெதுவாக முறுக்க வேண்டும். படிகம் அசையாது, பிடிவாதம் பிடிக்கும். இன்னும் முறுக்கினால், ஒரு கட்டத்தில் சட்டென்று புரண்டுவிடும்! எவ்வளவு முறுக்கினால் புரண்டது என்று பார்த்தால், காந்தத்தின் பிடி எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம்.

எதையெல்லாம் அவர் தொங்கவிட்டார்? அவற்றுள் ஒன்று நாப்தலீன். துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டைதான்! அதன் மூலக்கூறு தட்டை வடிவம். கார்பன் அணுக்கள் வளையமாக நிற்பதால் வந்த தட்டை. அந்தத் தட்டை காந்தத் திசையோடு சேர்ந்து படுக்கவே விரும்பும். குறுக்கே நிற்க விரும்பாது. படிகம் திரும்பும் விதத்தை அளந்தே, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று டாக்டர் கிருஷ்ணன் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் சாய்வை ஓர் இழையின் முறுக்கைக் கொண்டு சொன்னார்!

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1947-ல் டில்லி தேசிய இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் டைரக்டர் ஆனார். 1961-ல் மறைந்தார்.

இதே போன்ற வளையங்கள் பாலியஸ்டர் நூலிலும் தெர்மாகோலிலும் உள்ளன. பாலிமரைக் காந்தத்தால் வரிசைப்படுத்த நினைப்பவர்கள் முதலில் போடுவதும் டாக்டர் கிருஷ்ணன் போட்ட வகைக் கணக்குதான். காந்தத்தின் பிடி எவ்வளவு?

லட்சத்தில் ஒன்று!

மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. சூடு அவற்றை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் நிற்பவனை நாலா பக்கமும் இடிப்பது போல அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கின்றன.

ஒரே ஒரு கார்பன் வளையம். அதன் மேல் 10 டெஸ்லா காந்தம். இப்போது சூட்டின் ஆட்டம் பெரியதா, காந்தத்தின் பிடி பெரியதா? காந்தத்தின் பிடி, சூட்டின் ஆட்டத்தில் சுமார் லட்சத்தில் ஒரு பங்குதான்! தேர்க் கூட்டத்தில் ஒரு கொசு வந்து தள்ளியது போலத்தான்.

அப்படியானால் காந்தம் எப்படி வெல்கிறது? கூட்டாகச் சேர்ந்தால் வெல்கிறது!

லட்சம் மூலக்கூறுகள் ஒன்றாக ஒட்டி, ஒரே துண்டாகத் திரும்பும் நிலையில் இருந்தால், லட்சம் சிறு பிடிகளும் ஒன்று சேர்ந்து ஒரு பெரிய பிடி ஆகிவிடும். சூட்டுக்கு ஈடு கொடுக்கும். டெலிவிஷன் திரையில் உள்ள திரவப் படிகம் இந்த வகைதான். அதில் மூலக்கூறுகள் பக்கத்தில் உள்ளதைப் பார்த்துத் தானும் திரும்பும். திரையில் அவற்றைத் திருப்புவது மின்சாரம். ஆய்வுக்கூடத்தில் காந்தத்தாலும் திருப்பலாம்.

ஆகவே மூன்று நிபந்தனைகள்:

ஒன்று: காந்தம் வலுவாக இருக்க வேண்டும்.

இரண்டு: மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்து திரும்ப வேண்டும்.

மூன்று: திரும்புகிற வரை இளகி இருக்க வேண்டும். திரும்பிய பிறகு இறுகிவிட வேண்டும். இல்லாவிட்டால் காந்தத்தை எடுத்ததும் மறுபடியும் கலைந்துவிடும்.

இந்த மூன்றும் பொருந்திய இடங்களில் காந்தம் அழகாக வேலை செய்திருக்கிறது. 1981-ல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் ரத்தத்தை உறைய வைக்கும் பைப்ரின் என்ற இழைகளை, அவை உருவாகும்போதே வலுவான காந்தத்தில் வைத்தார்கள். இழைகள் காந்தத் திசையில் வரிசையாக நின்று உறைந்தன. 1992-ல் செல்லுலோஸின் நுண்ணிய படிகங்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வலுவான காந்தம் வைத்துப் பார்த்தார்கள். அவை காந்தத் திசைக்குக் குறுக்கே நின்றன. பஞ்சில் இருக்கும் அதே செல்லுலோஸ்!

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் இழைகளையும் காந்தத்தால் அடுக்கியிருக்கிறார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நரம்பு செல்கள் வளர்வதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நுண்ணிய துளைகளைக் காந்தத்தால் ஒரே திசையில் நிறுத்தி மென்படலம் செய்திருக்கிறார்கள். துளைகள் கோணலாகக் கிடந்தால் தண்ணீர் சுற்றி வளைந்து போக வேண்டும். நேராக நின்றால் எளிதில் வடியும்.

மெத்தையில் என்ன நடக்கும்?

இப்போது மெத்தைக்கு வருவோம்.

மெத்தை விற்பவர் டெஸ்லா என்று சொல்லமாட்டார். 'காஸ்' என்பார். "ஆயிரம் காஸ்!" என்றால் கேட்பவர் மலைத்துப்போவார். ஆனால் 10 ஆயிரம் காஸ் சேர்ந்தால்தான் ஒரு டெஸ்லா. ஆயிரம் காஸ் என்பது டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் காந்தத் துண்டைத் தொட்ட இடத்தில்தான். சில அங்குலம் தள்ளிப் போனால் மிகவும் குறைந்துவிடும். நடுவே பஞ்சும் உறையும் போர்வையும் வேறு!

இன்னொரு விஷயம். காந்தம் பத்தில் ஒரு பங்கானால் திருப்பும் சக்தி பத்தில் ஒரு பங்கு ஆகாது. நூறில் ஒரு பங்கு ஆகிவிடும். காந்தம் நூறில் ஒரு பங்கானால் சக்தி பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 10 டெஸ்லாவிலேயே லட்சத்தில் ஒன்று என்றால், ஆயிரம் காஸில் எவ்வளவு? சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு! இதை நம்பியா கடன் வாங்குவது?

ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அது இரும்புத் தூளாக இல்லை. ஒவ்வொரு அணுவும் தனித்தனியே ஒரு புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. ஆணியை இழுப்பது போல அதைக் காந்தம் இழுக்காது. இழுக்கும் என்றால், எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்தவரின் கதி என்ன? அந்த இயந்திரத்தின் காந்தம் மெத்தைக் காந்தத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதற்குள் படுப்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு எழுந்து வருகிறார்கள். முதுகு வலி அங்கேயே தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

மருத்துவ ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. வலிக்குக் காந்தத் துண்டு வைத்துச் செய்த பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை 2007-ல் கனடா மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. வலி குறைக்கக் காந்தத்தைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு.

தீமை பணத்தோடு நின்றாலும் பரவாயில்லை. மெத்தையை நம்பி சர்க்கரை வியாதி மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் வலுவான காந்தத்தை மார்பின் அருகே கொண்டு போகக்கூடாது என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை.

திராட்சைச் சோதனை

இதற்கு என்ன வழி? விற்பவரைத் திட்டுவதால் பயன் இல்லை. வீட்டில் ஒருவருக்காவது கணக்குத் தெரிய வேண்டும். அதைப் பள்ளிக்கூடம் சொல்லித் தர வேண்டும்.

பெரிய கருவி வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் பஞ்சமா? குளிர்பானம் உறிஞ்சும் குழாயின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு திராட்சையைக் குத்துங்கள். குழாயின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். காற்று அடிக்காத அறையில் ஆட்டம் நிற்கும் வரை காத்திருங்கள். நியோடிமியம் என்ற வலுவான காந்தத் துண்டை ஒரு திராட்சையின் பக்கத்தில் கொண்டு போங்கள். திராட்சை மெல்ல விலகிப் போகும்! காந்தம் தண்ணீரைத் தள்ளுவதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்கலாம்.

உடனே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். "எவ்வளவு வேகமாக விலகியது? காந்தத்தை ஒரு சாண் தள்ளி வைத்தால் விலகுகிறதா?" விலகாது. ஒரு சாணில் திராட்சையை அசைக்க முடியாத காந்தமா, மெத்தைக்குள் இருந்துகொண்டு முதுகெலும்பைச் சரிசெய்யப் போகிறது? பத்து வயதுப் பிள்ளை அன்றே வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொல்லிவிடும்.

'காந்தம் இரும்பை மட்டும் இழுக்கும்' என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டால் போதாது. அப்படிப் படித்தவர், "மற்றதையும் காந்தம் தொடும், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னதும் வாயடைத்துப் போகிறார். பாடம் பாதியில் நின்றதால் வந்த வினை இது!

சர்க்காரும் சும்மா இருக்கக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் இருப்பது சந்தைக்கும் வர வேண்டும். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்கத் தேவையில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம்.

பஞ்சுக்கும் ஒரு நல்ல காலம்

தேனி மாவட்டக் கல்லூரிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

இலவம் பஞ்சின் இழை உள்ளே குழாய் போல இருக்கும். அதற்குள் காற்று நிறைந்திருக்கும். மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. உயிர் காக்கும் மிதவைச் சட்டைக்கு ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை வழவழப்பானது. தனியாக நூற்பது கடினம். ஆகவே மெத்தையோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பஞ்சிலும் செல்லுலோஸ் இருக்கிறது. செல்லுலோஸைப் பிரித்து, அடுக்கி, வடிகட்டியும் மென்படலமும் செய்யும் ஆராய்ச்சி உலகில் பல இடங்களில் நடக்கிறது. பஞ்சு விளைகிற இடத்தில் ஏன் நடக்கக்கூடாது? 10 டெஸ்லா காந்தம் ஒவ்வொரு கல்லூரிக்கும் வாங்க முடியாதுதான். அதற்குப் பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் கதவு திறக்க வேண்டும். ஆனால் டாக்டர் கிருஷ்ணனிடம் என்ன இருந்தது? ஒரு காந்தம், ஓர் இழை, ஒரு சிறு படிகம், அளந்து பார்க்கும் பொறுமை. அளக்கும் பழக்கத்தை நாளையே தொடங்கலாம். அதற்குச் செலவு அதிகம் இல்லை.

அது வரை வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி போதும். காந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வாசலில் வந்து நின்றால், மரியாதையாக உட்காரச் சொல்லுங்கள். மோர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்:

"காந்தம் எத்தனை டெஸ்லா? எவ்வளவு தூரத்தில்? யார் அளந்தது?"

பதில் வராவிட்டால், முதுகு வலிக்கு டாக்டரைப் பாருங்கள். படுக்கப் பழைய இலவம் பஞ்சு மெத்தையே போதும். அதை வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். புதிது போல ஆகிவிடும்!